அஸ்தமன நேரத்தில் விழும் கோல்கீப்பர்

மூன்றாம் மாடி மஹாதேவன் நல்லவர்தான். ஆனால் அவரைப் பார்த்துச் சும்மா சிரித்து வைத்தால், எதற்காகச் சிரித்தான் என்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருப்பார். வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர். அடுத்தவன் செய்த தப்பைத் தேடித் தேடியே தலை நரைத்துப்போனது. கும்பகோணத்துக்காரர், எண்பதுகளில் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டார். ரிட்டயர் ஆன பிறகும் கை சும்மா இருக்குமா? கரியாஹாட் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் தராசைத் தூக்கி, அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். சர்க்கரை போடாத டீ கேட்டு வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, டீக்காரரின் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பார். சூரியனைக்கூட அவர் நேரடியாக நம்பியதில்லை. கும்பகோணத்திலிருந்து தபாலில் வரும் பஞ்சாங்கம் சொன்னால்தான் அவருக்கு உதயம், அஸ்தமனம், ராகு காலம் எல்லாம்.

நான் அவருக்குக் கீழே, இரண்டாம் மாடி. டாக்குரியாவில் இந்தக் கட்டடம் எழுந்த நாளிலிருந்து அவர் வீட்டுக் காபியைக் குடித்து வருகிறேன். என்னை முழுசாக நம்புகிறார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்ய மாட்டேன்.

கால்பந்துப் பைத்தியம் அவருக்கு இந்த ஊர் கொடுத்தது. பாலிகஞ்ச் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தில்ஜலாவை ஒட்டி, பூர்வதாரா என்று ஒரு கிளப். தொழில்முறை லீகில் இரண்டாம் தட்டில் ஆடும் கிளப். மஹாதேவன் அங்கே சம்பளம் வாங்காத டீம் மேனேஜர்; மேட்சுக்கு நானும் கூடப் போய்விடுவேன். ஜெர்சி, பஸ், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. பிரியாணிப் பொட்டலத்தில் கோழித் துண்டு குறைகிறதா என்று, கோழியைத் தொடவே தொடாத இந்த மனுஷர் ஆட்டக்காரர்களை நிற்க வைத்து விசாரிப்பார். பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். முகத்துக்கு நேரே ‘மஹாதேவ் தா’ என்று அண்ணன் முறை வைத்து மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த டீமில் தமிழ் பேசுகிற பையன்கள் இரண்டு பேர். தீபக் கோல்கீப்பர், அப்பா கரக்பூரில் ரயில்வேயில் இருந்தவர். ஆள் நெட்டை, வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். இன்னொருவன் உவைஸ். கோலுக்கு முன்னால் மலை மாதிரி நிற்கிற ஸ்டாப்பர். அவன் வாப்பா காயல்பட்டினத்திலிருந்து வந்து கித்திர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இரண்டு பையன்களுக்கும் வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் வீட்டுத் தமிழ்தான். மைதானத்தில் மட்டும் ஒருவருக்கொருவர் தமிழில் கத்திக்கொள்வார்கள், எதிராளிக்குப் புரியாது என்ற வசதிக்காக.

போன மார்ச்சில் ரம்ஜான் மாதமும் லீகின் கடைசிக் கட்டமும் ஒன்றாக வந்தன. புனேயிலிருந்து வந்திருந்த கோச் டீமைக் கூட்டி வைத்து ஒரே போடாகப் போட்டார்: மேட்ச் நாளில் யாரும் நோன்பு இருக்கக் கூடாது, இருந்தால் பதினொருவரில் இடம் கிடையாது. உவைஸும், டீமிலிருந்த இன்னும் இரண்டு முஸ்லிம் பையன்களும் தலையாட்டினார்கள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அப்புறம்தான் தீபக் விழ ஆரம்பித்தான்.

முதல் தடவை யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது பாதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பந்து வெளியே போனதும் தீபக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், பிறகு படுத்தான். வேறு யாராவது விழுந்தால் வெளியே தூக்கிப் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டே ஆட்டத்தை நடத்தலாம். கோல்கீப்பர் விழுந்தால் அப்படி முடியாது. அவனுக்கு மைதானத்திலேயே வைத்தியம், அதுவரை ஆட்டம் நிற்கும். டாக்டர் ஓடினார், ஸ்ப்ரே அடித்தார். ஆட்டம் நின்ற சாக்கில் எல்லாரும் கோட்டோரம் வந்து தண்ணீர் குடித்தார்கள். தீபக் எழுந்து நின்றான். சற்று நேரத்தில் ஒரு கோல் விட்டான்.

அடுத்த மேட்சிலும் அதே மாதிரி விழுந்தான், எழுந்தான், அதே மாதிரி ஒரு கோல் விட்டான். மூன்றாவது மேட்சில் விழுந்தபோது கோல் போகவில்லை. ஆனால் என் பக்கத்தில் நின்ற மஹாதேவனின் மூக்கு விடைத்துவிட்டது.

“பாத்தீரா ஓய்? விழறதுக்கு முன்னாடி ரெண்டு தரம் அந்த வடக்கு கேலரிப் பக்கம் பாத்தான். போன மேட்ச்லயும் பாத்தான். அங்கேர்ந்து எவனோ ஜாடை காட்டறான்.”

“யாரு, எதுக்குக் காட்டணும்?”

“பெட்டிங். கோல்கீப்பர் எந்த நிமிஷம் விழுவான்னுகூட இந்தக் காலத்துல பந்தயம் கட்டறா. உமக்கு ஒண்ணும் தெரியாது.”

இது அவர் ஒருவரின் பிரமை என்று தள்ளிவிட முடியவில்லை. அந்த வாரமே கிளப் தலைவருக்கு யாரோ பெயர் சொல்லாமல் போன் செய்து, உங்கள் கீப்பர் விலை போய்விட்டான் என்று சொல்லியிருந்தார்கள். தலைவர் மஹாதேவனைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார். பையன் மேல் தப்பு என்றால் கால்பந்துக் கூட்டமைப்புக்கு எழுதிவிடுவேன் என்றார். எழுதினால் ஆயுளுக்கும் தடை. ஆட்டத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாத பையனின் வாழ்க்கை இவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் தொங்கியது.  மஹாதேவனுக்கோ பத்து வயசு குறைந்துவிட்டது.

நான்காவது மேட்சுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு வடக்கு கேலரியில் போய் உட்கார்ந்தார். கழுத்தில் பைனாகுலர். எங்கள் வரிசையில் சிவப்புக் குடை வைத்திருந்த ஒரு பெரியவர் மீது முதலில் சந்தேகம். அவர் தூங்கிப்போனதும், ஜால்முரி என்கிற காரப்பொரி விற்கிறவர் மீது பாய்ந்தது. டப்பாவை மூன்று தரம் தட்டினால் ஒரு அர்த்தம், நாலு தரம் தட்டினால் வேறு அர்த்தம் என்றார். பொரிக்காரர் பின்னாலேயே படி ஏறி இறங்கி, சந்தேகம் வராமலிருக்க நான்கு பொட்டலம் பொரி வாங்கினார். எனக்குப் பச்சை மிளகாய் கடித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. கேலரிக்குப் பின்னால் வீட்டு மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், ஒரு மசூதியின் மினார், அதில் அப்போதுதான் எரிய ஆரம்பித்த ஒரு பச்சை விளக்கு. திரும்பிப் பார்த்தால் தீபக் கீழே கிடந்தான்.

“எவன் காட்டினான்? எவன்?” என்று மஹாதேவன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் பொரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டோல் பண்டிகையன்று, அதாவது இந்த ஊர் ஹோலியன்று, மேட்ச் இல்லை. தீபக்கைத் தன் வீட்டுக்கே வரச் சொன்னார். கிளப்பில் விசாரித்தால் சுவருக்கும் காது உண்டாம். சாட்சிக்கு நான். பையன் காது மடலில் போகாத ஊதாச் சாயத்தோடு வந்து, சோபா நுனியில் உட்கார்ந்தான். சமையலறையில் மஹாதேவனின் மனைவி ஜெயலக்ஷ்மி காரடை வேகவைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காரடையான் நோன்பு. மாசி முடிந்து பங்குனி பிறக்கிற நேரம் ராத்திரி ஏழு மணியை ஒட்டி வந்ததால், அந்தம்மாள் பகல் முழுக்கப் பட்டினி.

“எதுக்கு விழறே?” என்று ஆரம்பித்தார் மஹாதேவன்.

“கிராம்ப் அங்கிள்.”

“தெனமும் ஒரே காலா? டாக்டர் ஒண்ணும் இல்லேங்கறார். யாரைப் பாத்துட்டு விழறே?”

“யாரையும் இல்ல.”

“தலைவர் கூட்டமைப்புக்கு எழுதினா என்ன ஆகும் தெரியுமோ? உங்கப்பா பென்ஷன்ல ஒக்காந்து சாப்பிடுவியா?”

தீபக் தரையைப் பார்த்தான். கண் கலங்கியது; வாய் மட்டும் திறக்கவில்லை.  இன்ஸ்பெக்‌ஷன்காரருக்கு மௌனம் என்றால் பாதி ஒப்புதல். எனக்கு இரண்டு பேர் மீதும் எரிச்சல் வந்தது. ஏதாவது சொல்லித் தொலைத்தால் என்ன என்று இருந்தது.

அப்போது அழைப்புமணி அடித்தது. உவைஸ் வந்து நின்றான். கூப்பிடாமல் வந்தவன், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சார், அவன் எனக்காகத்தான் விழறான். எங்க மூணு பேருக்காக.”

“டேய், சும்மா இரு” என்றான் தீபக்.

“நீ இரி. சார், மேட்ச் அன்னைக்கும் நாங்க நோம்பு வச்சுக்கிட்டுத்தான் ஆடுறோம். கோச்சுகிட்ட பொய் சொன்னோம், அது தப்புதான். முதல் மேட்ச்ல மஃரிபு தொழுகை நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. இவன் பின்னாடி நின்னு பாத்துட்டான். நாங்க யாரும் கேக்கல. அவனா விழுந்தான். ஆட்டம் நின்னா எல்லாரும் தண்ணி குடிப்பாங்க. அதுல யாரு நோம்பு திறக்கறா, யாரு சும்மா குடிக்கறான்னு கோச்சுக்குத் தெரியாது. இவன் துண்டுக்குள்ள எங்களுக்குப் பேரீச்சம்பழம் வச்சிருப்பான்.”

“நேரம் எப்படித் தெரியும்? உங்க கையில வாட்ச் கிடையாதே.”

“கூட்டத்துச் சத்தத்துல பாங்கு கேக்காது சார். வடக்கு கேலரிக்குப் பின்னாடி பள்ளிவாசல் மினார்ல பச்சை லைட் எரியும். அதை இவன் பாப்பான். இவன் விழுந்தா எங்களுக்கு நேரம் ஆச்சுன்னு அர்த்தம். என்னை டீம்லேர்ந்து எடுத்தாலும் பரவால்ல, இவன் பேரைக் கெடுத்துராதீங்க.”

நான் பெருமூச்சு விட்டேன். மஹாதேவன் விடவில்லை. விருட்டென்று எழுந்து சுவர் ஆணியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். அவர் முகத்தில், கள்ளக் கையெழுத்தைக் கண்டுபிடித்தவனின் சந்தோஷம் தெரிந்தது.

“நன்னாக் கதை கட்டறேள் ரெண்டு பேரும். இதோ போட்டிருக்கு, அஸ்தமனம் ஆறு பத்தொம்பது. இவன் விழுந்ததெல்லாம் அஞ்சே முக்கால். அரை மணி முன்னாடி எந்த ஊர்லடா நோன்பு திறக்கறா?”

உவைஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் எங்கேயோ பாங்கு கேட்டது. சத்தமில்லாமல் உதட்டை அசைத்துவிட்டு, “மாமி, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றான்.

ஜெயலக்ஷ்மி ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு வாழைப்பழமும் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு குத்துவிளக்கை ஏற்றிவிட்டுத் தன் புருஷனிடம் திரும்பினார்.

“கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லிண்டிருக்கேன். வெளியில இருட்டினப்புறமும் இன்னும் அஸ்தமனம் ஆகலைன்னு பஞ்சாங்கத்தை மடியில வச்சுண்டு ஒக்காந்திருக்கேள். அது கும்பகோணத்துச் சூரியன்னா! ஜன்னலண்ட வந்து எட்டிப் பாருங்கோ. இது டாக்குரியாச் சூரியன்.”

மஹாதேவன் எட்டிப் பார்த்தார். தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஐந்தே முக்கால். பஞ்சாங்கத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாக ஒதுக்கி ஒதுக்கி வைத்த ராகு காலங்கள் எல்லாம் அவர் மனசில் ஓடியிருக்க வேண்டும். முகம் அப்படிப் போயிற்று. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தீபக் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

“அடை இன்னும் நைவேத்யம் ஆகலை” என்றார் ஜெயலக்ஷ்மி உவைஸிடம். “எனக்கும் இன்னிக்கு நோன்புதான். ஏழு மணி ஆகும். பசி தாங்குவியோ?”

“தாங்குவேன் மாமி. நீங்க திறக்கும்போதே சாப்பிடறேன்.”

இத்தோடு மனுஷர் கரைந்துபோய்விட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு மஹாதேவனைத் தெரியாது. வெண்ணெய் தடவிய அடையைப் பையன்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார்.

“நீங்க சொல்றது பொருந்தறது. ரொம்ப நன்னாப் பொருந்தறது. ரொம்பப் பொருந்தினாத்தான் நேக்கு பயம். தலைவர்கிட்ட ஒரு மேட்ச் அவகாசம் கேக்கறேன். கோச்சுகிட்ட மூச்சு விடமாட்டேன். ஆனா அடுத்த மேட்ச்ல கல்கத்தா அஸ்தமன நேரத்தைக் கையில வச்சுண்டு நிப்பேன். ஒரு நிமிஷம் முன்னாடி விழுந்தாலும், தீபக், நீ விழறது நோன்புக்காக இல்லைன்னு எழுதிக் குடுத்துடுவேன்.”

தீபக் சரி என்று தலையாட்டினான். படியிறங்கும்போது உவைஸ் அவன் தோளில் கை போட்டிருந்தான். அதையும் மஹாதேவன் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த மேட்சும் எங்கள் மைதானத்தில்தான், நாலரை மணிக்கு. ஜெயித்தால் மேல்தட்டுக்குப் போகிற வாய்ப்பு உயிரோடு இருக்கும் என்பதால் கூட்டம் நிரம்பி வழிந்தது. மேளச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை. மஹாதேவன் கோட்டோரத்தில் நின்றார். இரண்டு கடிகாரத்தை ரேடியோ நேரத்துக்குச் சரி பார்த்துக் கட்டியிருந்தார், ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று. அஸ்தமன நேரத்தை மூன்று இடத்தில் விசாரித்து உறுதி செய்திருந்தார். நான் அவருக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தேன்.

இரண்டாவது பாதியில் வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து வளைந்து வந்தது, தீபக் எழும்பிப் பிடித்தான், நாலைந்து பேர் அவனோடு மோதிக் குவியலாக இறங்கினார்கள். எல்லாரும் எழுந்தார்கள். தீபக் எழவில்லை. பந்தைக் கட்டிக்கொண்டு கிடந்தான்.

ரெஃப்ரீ விசில் ஊதினார். டாக்டர், போன மேட்சுகளை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, பையை எடுத்துக்கொண்டு சாவகாசமாக நடந்தார். எதிரணிப் பையன்கள் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார்கள். நம் பையன்கள் வழக்கம்போலத் தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள். உவைஸ் கோல்கம்பத்தடியில் கிடந்த துண்டை உதறிப் பேரீச்சம்பழத்தை எடுத்தான்.

மஹாதேவன் கடிகாரத்தைப் பார்த்தார். “சிக்கினான்!” என்று என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் வெற்றி. “நாலு நிமிஷம் இருக்கு ஓய்! அஸ்தமனத்துக்கு இன்னும் நாலு நிமிஷம்! லைட்டும் எரியலை! நான் சொன்னேனோ இல்லையோ?”

 தொலைந்தான் பையன் என்று நினைத்தேன்.

அடுத்த நொடி அவர் முகம் மாறியது. அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வடக்கு கேலரியைப் பார்த்தார், இருட்டாக நின்ற மினாரைப் பார்த்தார், கீழே கிடந்த பையனைப் பார்த்தார். நேரம் தெரிந்தே இவ்வளவு முன்னால் ஒருவன் எதற்காக விழப் போகிறான்? இந்த நாலு நிமிஷத்தால் தன் வாழ்க்கையே போகும் என்று அவனுக்குத் தெரியுமே. கணக்கு அந்தப் பக்கமாகப் புரண்டது. அதை நம்புவதானால் அந்தப் பையனை நம்ப வேண்டும்.

“உவைஸ்!” என்று வேட்டி தடுக்கத் தடுக்க மைதானத்துக்குள் ஓடினார். இந்தத் தொண்டை இவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. “வாயில வைக்காதேடா! நேரம் ஆகலை! அவன் நெஜமா விழுந்திருக்கான்!”

உவைஸின் கை வாய்க்கருகில் நின்றது. திரும்பி, பக்கத்துப் பையன் வாயருகே கொண்டுபோயிருந்த பாட்டிலைத் தட்டிவிட்டான். மூன்றாமவனை நோக்கி ஏதோ கத்தினான். பிறகு மூன்று பேரும் தீபக்கிடம் ஓடினார்கள். டாக்டரும் அப்போதுதான் ஓடினார். உவைஸ் மண்டியிட்டு அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். முழங்கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை. என்னால் ஒரு தடவைக்கு மேல் பார்க்க முடியவில்லை.

கோச் வந்து மஹாதேவனிடம் இந்தியில், தமிழில் என்ன கத்தினீர்கள் என்று கேட்டார்.

“டாக்டரைக் கூப்பிட்டேன்” என்றார் மஹாதேவன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் பொய்யைப் பிடித்தவர், தன் பொய்யை அத்தனை சுத்தமாகச் சொன்னார்.

ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் மினாரில் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. என்னைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை. உவைஸின் மூடிய கைக்குள் அந்தப் பழம் அப்படியே இருந்தது. தீபக் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சரோடு கூடவே நடந்த மஹாதேவனின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“அங்கிள், நான் முன்னாடியே விழுந்துட்டேன்.”

“தெரியும்டா. நான் ஒண்ணும் எழுதித் தரப்போறதில்லை. பேசாமப் படு.”

“அது இல்ல அங்கிள்.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “அவங்க சாப்ட்டுட்டாங்களா? நான் விழுந்ததைப் பாத்து... நோன்பு கெட்டுப் போச்சா?”

“கெடலை. தடுத்துட்டேன்.”

தீபக் சட்டையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அந்த வலியிலும் அவன் முகம் தெளிந்தது. மஹாதேவன் அடுத்த கேள்வி எதுவும் கேட்கவில்லை. குனிந்து, உவைஸின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, “நேரம் ஆயிடுத்து, சாப்பிடு” என்றார்.